தெற்கு சூடான்: அமைதிப் படை, சோள மூட்டை, ஒப்பந்தம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.நா. அமைதிப் படை, ஆப்பிரிக்காவுக்கு உணவு உதவி என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்து, தெற்கு சூடானை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே நாடுபோலப் பேசினால் எதுவும் விளங்காது. அமைதிப் படை, வானிலிருந்து உணவு வீச்சு, பஞ்ச அறிவிப்பு, ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்தின் முறிவு என எல்லாமே நடந்த நாடு இது.

சூடான் வேறு, தெற்கு சூடான் வேறா? சண்டை யாருக்கும் யாருக்கும்?

இரண்டும் இப்போது வேறு வேறு நாடுகள். 1983-ல் தொடங்கிய வடக்கு–தெற்குப் போர் 2005 ஜனவரியில் கென்யாவில் கையெழுத்தான உடன்படிக்கையோடு முடிந்தது. 2011 ஜனவரி வாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பிரிவினைக்கு வாக்களித்தார்கள். 2011 ஜூலை 9-ல் தெற்கு சூடான் தனி நாடானது.

இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. அதிபர் சல்வா கீரும் அவர் பதவி நீக்கிய துணை அதிபர் ரியேக் மச்சாரும் மோதிக்கொண்டதில், 2013 டிசம்பர் 15-ல் தலைநகர் ஜூபாவில் ராணுவமே இரண்டாக உடைந்தது. கீர் டிங்கா இனத்தவர், மச்சார் நுவேர் இனத்தவர். பதவிச் சண்டை சில நாட்களிலேயே வீடு வீடாகப் போய் இனம் பார்த்துக் கொல்வதாக மாறியது. 2018 வரை நேரடியாகவும், பட்டினி, நோய் வழியாகவும் 3,83,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது லண்டன் ஆய்வாளர்களின் மதிப்பீடு.

வடக்கே சூடானில் 2023 ஏப்ரல் 15-ல் வெடித்த போர் தனிக் கதை. ஆனால் அங்கிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரெங்க் எல்லை வழியாகத் தெற்கே வந்து சேர்ந்ததால், இரண்டு நாட்டுப் பட்டினியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது.

அமைதிப் படை என்றால் நடுவில் நின்று சண்டையை விலக்கிவிடுமா?

பலர் மனதில் இருக்கும் படம் அதுதான்: இரண்டு ராணுவம், நடுவில் ஒரு கோடு, கோட்டில் நீலத் தொப்பி. அப்படிப்பட்ட பணிகளும் உண்டு. தெற்கு சூடானில் கோடே கிடையாது. அங்குள்ள படைக்கு அன்மிஸ் என்று பெயர். 2011-ல் அது அமைக்கப்பட்டபோது புதிய அரசுக்குத் துணைநிற்பதே அதன் வேலையாக இருந்தது. போர் மூண்டபின் 2014 மே மாதத்தில் பாதுகாப்புச் சபை தீர்மானம் 2155 அந்த வேலையை மாற்றியது. பொதுமக்களைக் காப்பது, மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்வது, நிவாரணம் போய்ச்சேர வழி அமைத்துக் கொடுப்பது, போர்நிறுத்தக் கண்காணிப்புக்கு உதவுவது ஆகியவை புதிய வேலைகள்.

பொதுமக்களைக் காக்கச் சுடலாம் என்ற அதிகாரம் அதற்கு உண்டு. ஒரு தரப்போடு சேர்ந்து மறுதரப்பைத் தோற்கடிக்கும் அதிகாரம் கிடையாது. இந்த வேறுபாடு தெரியாமல் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பதினேழாயிரம் ராணுவத்தினர் இருந்தும் ஏன் கொலைகளைத் தடுக்க முடியவில்லை?

17,000 என்பது 2016-க்குப் பின் அனுமதிக்கப்பட்ட உச்ச எண்ணிக்கை. களத்தில் இருப்பவர்கள் அதைவிடக் குறைவு. நாட்டின் பரப்பு சுமார் 6.4 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்து தமிழ்நாடு. முதல் தார்ச்சாலை நெடுஞ்சாலையான ஜூபா–நிமுலே சாலை 2012-ல்தான் முடிந்தது. நீளம் 192 கிலோமீட்டர். மழைக்காலத்தில் பெரும்பகுதிக்குக் கவச வண்டி போகாது. மொத்தப் படையில் முகாம் காவல், பொறியியல், மருத்துவம், சரக்கு வேலை போக, ரோந்துக்கு மிஞ்சுவது சிறு பகுதிதான்.

அடுத்தது அனுமதி. ஐ.நா.வுக்கும் அரசுக்கும் உள்ள ஒப்பந்தப்படி படை நாடு முழுவதும் தடையின்றி நடமாடலாம். நடைமுறையில் ஒவ்வொரு ஹெலிகாப்டர் பறப்புக்கும் உள்ளூர்ப் படையின் பாதுகாப்பு உறுதி கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் பறப்பதன் ஆபத்து எல்லோருக்கும் தெரியும்: 2012 டிசம்பரில் ஒரு ஐ.நா. ஹெலிகாப்டரை அரசு ராணுவமே சுட்டு வீழ்த்தியது, 2014 ஆகஸ்டில் பெந்தியு அருகே இன்னொன்று விழுந்தது. சோதனைச் சாவடியில் ரோந்து வண்டியை நிறுத்தி நான்கு மணி நேரம் காக்க வைத்தால், அந்த நேரத்தில் கிராமம் எரிந்து முடிந்துவிடும்.

இவை இரண்டையும் சொல்லி எல்லாத் தவறையும் மூடிவிட முடியாது. 2016 ஜூலையில் ஜூபாவில் நடந்த சண்டையின்போது, ஐ.நா. முகாமிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்த டெரெய்ன் விடுதியில் நிவாரணப் பணியாளர்கள் தாக்கப்பட்டார்கள். உதவி கேட்டுத் திரும்பத் திரும்ப அழைத்தும் அமைதிப் படை போகவில்லை. ஓய்வுபெற்ற டச்சு ஜெனரல் பேட்ரிக் கம்மார்ட் நடத்திய விசாரணை தலைமைக் கோளாற்றைச் சுட்டிக்காட்டியது. படைத் தளபதி நீக்கப்பட்டார். அங்கே ஆளும் இருந்தது, ஆயுதமும் இருந்தது. கிளம்பு என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஐ.நா. முகாமுக்குள்ளேயே மக்கள் வருடக்கணக்கில் குடியிருந்தார்களாமே, அது திட்டமா, தற்செயலா?

தொடக்கத்தில் தற்செயல். 2013 டிசம்பரில் உயிருக்கு ஓடிவந்த கூட்டத்துக்கு ஜூபா, பெந்தியு, மலக்கால் முகாம்களின் வாசல் திறக்கப்பட்டது. சில நாட்கள் தங்கிப் போவார்கள் என்று நினைத்தார்கள். பெந்தியுவில் மட்டும் ஒரு கட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள். அது சதுப்பு நிலம். 2014 மழையில் குடிசைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பிறகு வடிகால் வெட்டி, மண் கொட்டி மேடாக்கினார்கள்.

இத்தனை பேரை ஓரிடத்தில் வைத்தால் முதல் எதிரி துப்பாக்கி அல்ல, காலரா. உலகளவில் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, 250 பேருக்கு ஒரு குழாய். குளோரின் கலந்த தண்ணீரில் குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். குழாயடியில் சரியாக இருந்த தண்ணீர், அழுக்குக் குடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தபின் கெட்டுப்போவது வழக்கமான கதை. ஆகவே குடத்தையும் கழுவ வைக்கிறார்கள், வீட்டுக் குடத்திலும் குளோரின் அளக்கிறார்கள்.

முகாம் காப்பாற்றியது உண்மை. அதே சமயம் வேலியும் பொத்தலானதுதான். 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள் ஆயுதக் கும்பல் புகுந்து குறைந்தது 25 பேரைக் கொன்று, ஒரு பகுதியைக் கொளுத்தியது. 2020 முதல் பெரும்பாலான முகாம்களின் காவல் பொறுப்பு அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, அவை உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான சாதாரண முகாம்கள் போலாகிவிட்டன. மலக்காலை மட்டும் ஒப்படைக்கத் துணியவில்லை.

இந்தியாவுக்கு அங்கே என்ன வேலை?

அன்மிஸ் படைக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ருவாண்டா, நேபாளம், வங்கதேசம் எல்லாம் உடன் இருக்கின்றன. 2019-ல் ஷைலேஷ் தினைகர், 2022-ல் மோகன் சுப்பிரமணியன் என இந்திய லெப்டினன்ட் ஜெனரல்கள் அடுத்தடுத்துப் படைத் தளபதிகளாக இருந்தார்கள். 2013 ஏப்ரல் 9-ல் ஜோங்லே மாநிலத்தின் குமுருக் அருகே, ஐ.நா. வாகன அணிக்குக் காவலாகப் போன ஐந்து இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள்.

‘காசுக்காகப் போகிறார்கள்’ என்ற பேச்சும் உண்டு. ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. நாட்டுக்குத் திருப்பித் தருகிறது. 2018-ல் அது 1,428 டாலர். இந்தியா போன்ற நாட்டுக்கு இது லாபத் தொழில் அல்ல, நிலுவை வேறு பாக்கி நிற்கும். ஐ.நா. அரங்கில் குரல், வெளிநாட்டுக் கள அனுபவம் ஆகியவைதான் பெரிய காரணங்கள். அதிகம் பேசப்படாத ஒன்று: மாட்டை வைத்தே செல்வமும் திருமணமும் கணக்கிடப்படும் நாட்டில், இந்தியப் படையின் கால்நடை மருத்துவர்கள் பல ரோந்துகளைவிட அதிக நல்லெண்ணம் சம்பாதித்திருக்கிறார்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு உணவு தருகிறார்கள்? ஏன் அரிசி இல்லை?

கணக்கு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி. முழுப் பங்கீடு என்றால் சுமார் 500 கிராம் சோளம், 50 கிராம் பருப்பு, 30 கிராம் எண்ணெய், 5 கிராம் உப்பு. மாதத்துக்கு ஓர் ஆளுக்குப் பதினேழரை கிலோ வரும். பணம் குறையும்போது பங்கீட்டை 70 சதவீதமாகவோ பாதியாகவோ வெட்டுவார்கள். பாதிப் பங்கீடு பெறும் குடும்பத்தில் பாதி வயிறாவது நிறையும் என்று நினைக்கக் கூடாது. பங்கீடு இல்லாத உறவினரோடு பகிர்வதும், அரைப்புக் கூலிக்குத் தானியத்தையே கொடுப்பதும் அங்கே சாதாரணம்.

சோளம்தான் அந்த மண்ணின் உணவு. கஞ்சியாகவும் களியாகவும் தின்று பழகியவர்கள். அரிசி விலை அதிகம், பலருக்குப் பழக்கமும் இல்லை. மேலும் சோளத்தை உரலில் இடித்தே சமைத்துவிடலாம்.

விமானத்திலிருந்து மூட்டையை அப்படியே வீசுகிறார்களே, சிதறாதா? யார் தலையிலாவது விழுந்தால்?

சிதறும், அதற்காகத்தான் ஒரு மூட்டைக்குப் பல உறை. 50 கிலோ தானியத்தை ஒரு சாக்கில் கட்டி, அதைவிடப் பெரிய சாக்குக்குள் தளர்வாக இட்டு, மேலும் ஒரு சாக்கு போடுவார்கள். தரையில் மோதும்போது உள் சாக்கு கிழிந்தாலும் வெளிச் சாக்கு தானியத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாகக் கட்டினால் பலூன்போல வெடித்துவிடும். எண்ணெய்க்கு இந்த வித்தை பலிக்காது. தனிப்பெட்டியில் அடைத்துச் சிறு பாராசூட்டில் இறக்குகிறார்கள்.

இலியூஷின்-76 ரக விமானம் ஒரு தடவையில் சுமார் 30 டன் சுமக்கும். சில நூறு மீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து, மூக்கை மேலே தூக்க, பின்கதவு வழியாக மூட்டைகள் தாமாகச் சரிந்து விழும். அதற்கு முன்பே ஹெலிகாப்டரில் ஒரு குழு போய் இறங்கி, திறந்த வெளியைத் தேர்ந்து, எல்லை குறித்து, ஆளையும் மாட்டையும் விலக்கி, வானொலியில் ‘வரலாம்’ என்று சொன்ன பிறகே வீச்சு. குழந்தை ஓடிவந்தால் விமானம் சுற்றிவிட்டு மறுபடி வரும். 2014 மார்ச்சில் உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் தொடங்கிய விரைவுக் குழுக்கள் இப்படித்தான் வேலை செய்தன: இரு தரப்பிடமும் அனுமதி, குழு இறங்குதல், ஆள் பதிவு, வீச்சு, விநியோகம். அதோடு குழந்தைகளுக்குத் தடுப்பூசி, தூண்டில் முள், நைலான் நூல், விதை. சதுப்புத் தீவுகளில் ஒளிந்திருப்பவர்களுக்கு ஒரு மாதச் சோளத்தைவிடச் சில நேரம் தூண்டில் பெட்டி உதவும். ஓடும்போது கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம்.

30 டன் என்பது 2,000 பேருக்கு ஒரு மாதச் சோளம் மட்டுமே. 50,000 பேர் இருந்தால் சோளத்துக்கே 25 பறப்பு.

அப்படியானால் லாரியிலேயே அனுப்பலாமே, எதற்கு இந்தச் செலவு?

வான் வீச்சின் செலவு சாலைச் செலவைப்போல ஏழு மடங்கு வரை போகும் என்று உலக உணவுத் திட்டமே சொல்கிறது. எனவே அது கடைசி வழி. முதல் வழி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மழையில்லாக் காலத்தில் லாரியில் கொண்டுபோய்க் கிடங்குகளில் அடுக்கிவைப்பது. வெள்ளை நைல் கரையோர ஊர்களுக்குப் படகு.

இங்கேதான் பணம் வரும் தேதி உயிர்ப் பிரச்சினை ஆகிறது. நன்கொடை உறுதியானபின் தானியம் வாங்கி, கப்பலேற்றி, கென்யத் துறைமுகமான மொம்பாசாவில் இறக்கி, உள்நாட்டுக் கிடங்குக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். செப்டம்பரில் வரும் ஒரு டாலர் லாரியில் போகும். மே மாதத்தில் வரும் அதே டாலர் விமானத்தில் போகும், கொஞ்சம்தான் போகும்.

சாலை திறந்திருக்கும் மாதங்களிலும் சாவடிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏதாவது ‘கட்டணம்’. 2024-ல் அரசு புதிதாக விதித்த வரிகளால் ஐ.நா. எரிபொருள் லாரிகள் எல்லையில் நின்றன, வான் வீச்சும் நின்றது, 60,000 பேருக்கு உணவு தடைபட்டது. பின்பு வரியைத் திரும்பப் பெற்றார்கள்.

பட்டினி, பஞ்சம் இரண்டும் ஒன்றுதானே? ஐ.நா. ஏன் அறிவிக்கத் தயங்குகிறது?

பஞ்சம் என்ற அறிவிப்புக்கு மூன்று அளவுகள் உண்டு. ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவே கிட்டாத நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் 30 சதவீதம் கடும் மெலிவில் இருக்க வேண்டும். பட்டினியாலும் அதோடு வரும் நோயாலும் தினமும் 10,000 பேருக்கு இருவர் இறக்க வேண்டும். 2017 பிப்ரவரி 20-ல் லியர், மயேந்திட் வட்டாரங்களில் அப்படி அறிவித்தார்கள். உதவி குவிந்தது, அதே ஆண்டு ஜூனில் பஞ்ச நிலை நீங்கியது.

தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் தரவு. எடை பார்க்கவும் சாவு எண்ணவும் ஆள் போக முடியாத இடத்தில்தான் நிலைமை மோசமாக இருக்கும். அளவுகோல் எட்டப்பட்டது என்று உறுதிசெய்யும்போது சாவு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். அறிவிப்புக்காகக் காத்திருந்து பணம் தருவது நன்கொடை நாடுகளின் கெட்ட பழக்கம்.

எலும்பும் தோலுமான குழந்தைக்கு ஏதோ பசை பாக்கெட் தருகிறார்களே, அது போதுமா?

நிலக்கடலைப் பசை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் கலந்த 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம் என்பதே அதன் பெருமை, ஏனென்றால் அங்கே தண்ணீரே நோய். மேல்கையின் சுற்றளவை வண்ண நாடாவால் அளப்பார்கள்: 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 125 வரை மஞ்சள். சிவப்பில் இருந்து, பசியும் இருந்து, வேறு நோய் இல்லாத குழந்தைக்கு எடைக்கேற்ப நாளைக்கு இரண்டு, மூன்று பாக்கெட் வீட்டிலேயே தரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தேறும். மொத்தம் ஏறக்குறைய 150 பாக்கெட், அதாவது ஒரு பெட்டி.

சாப்பிட மறுக்கும், காய்ச்சலோ உடல் வீக்கமோ உள்ள குழந்தைக்கு இதைத் திணிக்கக் கூடாது. நலிந்த உடலில் திடீரெனச் சத்து ஏறினால் இதயம் நின்றுபோகலாம். அவர்களை மருத்துவ மையத்தில் வைத்து, சத்து குறைந்த சிகிச்சைப் பாலில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். இடையில் தோற்றுப்போவது பெரும்பாலும் வீட்டில்: ஒரு குழந்தையின் பாக்கெட்டை மூன்று குழந்தைகள் பகிர்ந்து தின்பார்கள். தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. குடும்பப் பங்கீடும் சேர்ந்து போனால்தான் பாக்கெட் அந்தக் குழந்தைக்கே மிஞ்சும்.

மூட்டைக்குப் பதில் காசாகக் கொடுத்தால் என்ன? நாங்கள் பழைய துணி சேகரித்து அனுப்பலாமா?

சந்தை நடக்கும் ஊரில் காசு நல்லது, செலவும் குறைவு. வியாபாரி லாரியே வராத ஊரில் காசு கொடுத்தால் இருக்கும் நாலு மூட்டையின் விலைதான் ஏறும்.

பழைய துணி வேண்டாம். பிரித்து, சுங்கம் தாண்டி, மேலே சொன்ன சாலையில் கொண்டுபோகும் செலவில் அங்கேயே புதிதாக வாங்கலாம். தனிமனிதர் தரக்கூடியது பணம் மட்டுமே. அதையும் இன்ன ஊருக்கு, இன்ன பொருளுக்கு என்று நிபந்தனை போடாமல் தருவது மேல்.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்?

இரண்டு தனித்தனிப் பெட்டிகள். அமைதிப் படைக்கு உறுப்பு நாடுகள் கட்டாயப் பங்கு செலுத்த வேண்டும். அன்மிஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டாலர். உணவு, மருந்துக்கோ யாரும் விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் தர வேண்டாம். எனவே முகாம் வாசலில் காவலுக்கு ஆள் இருக்க, உள்ளே பங்கீடு பாதியாக வெட்டப்படும் வேடிக்கை நடக்கும். கட்டாயப் பங்கையும் எல்லோரும் கட்டுவதில்லை: 2025 அக்டோபரில் நிலுவை காரணமாகப் பல நாடுகளில் உள்ள அமைதிப் படையினரில் ஏறக்குறைய கால்பங்கைக் குறைப்பதாக ஐ.நா. அறிவித்தது.

உதவியில் பாதி துப்பாக்கிக்காரர்கள் வயிற்றுக்குத்தானே போகிறது?

‘பாதி’ என்று யாரும் நிறுவியதில்லை. போகவே இல்லை என்பதும் பொய். 1989-ல் தொடங்கிய ஐ.நா. நிவாரணத் திட்டமான சூடான் உயிர்காப்பு நடவடிக்கையின் காலத்திலேயே, விநியோகம் முடிந்தபின் கிளர்ச்சிப் படை வீடுவீடாகப் பங்கு வசூலிக்கும், ‘தாயீன்’ என்பார்கள். 1998 பஞ்சத்தில் இது பெரிய சர்ச்சை ஆனது. கொள்ளை இன்னொரு வகை: 2016 ஜூலையில் ஜூபாவில் உலக உணவுத் திட்டக் கிடங்கிலிருந்து 4,500 டன் போனது. 2,20,000 பேருக்கு ஒரு மாதத்துக்கு ஆகியிருக்கும்.

அமைதியான நாட்களில் கசிவு தொடங்குவது பதிவேட்டில். தலைவர்கள் தலைக்கணக்கை ஊதிவிடுவார்கள், ஒரே குடும்பம் இரண்டு ஊரில் பதியும். கைரேகைப் பதிவு, பங்கீட்டு அளவைப் பலகையில் எழுதி வைப்பது, பெண்கள் பெயரிலேயே அட்டை, இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போய்ச் சட்டியைப் பார்ப்பது ஆகியவை கசிவைக் குறைக்கும். தாயீன் வகை வசூலை இவை தடுக்காது. வாங்கியவர் கையிலிருந்தே அல்லவா பிடுங்குகிறார்கள்.

அமைதி ஒப்பந்தம் எத்தனை தடவைதான் போடுவார்கள்? ஏன் நிலைப்பதில்லை?

பெரிய ஒப்பந்தங்கள் இரண்டு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான இகாட் முன்னின்று 2015 ஆகஸ்டில் செய்தது 2016 ஜூலையில் ஜூபா சண்டையில் சிதறியது. 2018 செப்டம்பர் 12-ல் அடிஸ் அபாபாவில் அதையே புதுப்பித்தார்கள். 2020 பிப்ரவரியில் கூட்டரசு அமைந்து மச்சார் மறுபடி முதல் துணை அதிபரானார். தேர்தல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2026 டிசம்பர் என்றார்கள். 2025 மார்ச்சில் நாசிர் நகர ராணுவ முகாமை நுவேர் இளைஞர் படை பிடித்தது. அங்கிருந்து வீரர்களை மீட்கப் போன ஐ.நா. ஹெலிகாப்டர் சுடப்பட்டது, மாதக் கடைசியில் மச்சார் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் அவர்மீது கொலை, தேசத்துரோக வழக்கு.

எங்கள் கணிப்பில் கோளாறு வரிசையில் இருக்கிறது. பதவிப் பங்கீடு உடனே நடந்தது. இரு தரப்புப் படைகளையும் கலந்து 83,000 பேர் கொண்ட ஒரே படையாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பயிற்சி முகாமுக்கு வந்தவர்களுக்குச் சோறில்லை, மருந்தில்லை, திரும்பிப் போனார்கள். ஒருங்கிணைந்த படை இல்லாதவரை ஒவ்வொரு அமைச்சருக்கும் பின்னால் தனித்தனித் துப்பாக்கி நிற்கும். மீறலைப் பதிவு செய்யக் கண்காணிப்புக் குழு இருக்கிறது; தண்டிக்க யாரும் இல்லை.

உதவியை நிறுத்தினால் தலைவர்கள் வழிக்கு வர மாட்டார்களா?

முந்தைய பதில்களைப் படித்தவர்களுக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் தலைவர்களின் வருமானம் சோள மூட்டையில் இல்லை. அரசின் வருவாய் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. அந்த எண்ணெய் சூடான் வழியாகக் குழாயில் செங்கடலுக்குப் போகிறது. 2024 பிப்ரவரியில் போரினால் குழாய் உடைந்து, அரசின் பெருவருமானம் மாதக்கணக்கில் முடங்கியது. சம்பளம் நின்றது, சாவடி வசூல் பெருகியது, சமரசம் வரவில்லை. தலைவர்களைத் தொடுவது வேறு கருவிகள்: சொத்து முடக்கம், பயணத் தடை, 2018 ஜூலையில் தீர்மானம் 2428 கொண்டுவந்த ஆயுதத் தடை. அந்தத் தடையை அண்டை நாடுகள் எவ்வளவு மதிக்கின்றன என்பதை ஆண்டுதோறும் ஐ.நா. நிபுணர் குழு எழுதுகிறது. 2025 மார்ச்சில் உகாண்டா தன் படையை வெளிப்படையாகவே ஜூபாவுக்கு அனுப்பியது.